காது மட்டம்

ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து
மூளைக்குள் நாலு அறை இருக்கிறது என்றார் டாக்டர்.
நாலிலும் ரத்தம்.
முப்பது வருஷமாய் அறைகளுக்குத் தரை போடுகிறவன் நான்.
எந்த அறை எதற்குள் திறக்கும்,
தண்ணீர் எந்த வழியாய் வெளியே போகும்
என்றுதான் கேட்கத் தெரிந்தது.
ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.
"வழி இருக்கு. அதுதான் அடைச்சிருக்கு."

அமலோற்பவம்,
மீன் கழுவிக்கொண்டிருந்தவள்
தலைக்குள்ள என்னமோ உடைஞ்சுது என்று சொல்லி
சங்கராவைக் கையில் பிடித்தபடியே சாய்ந்தாய்.
பிரஷர் மாத்திரை அட்டையில்
பதினொன்று மிச்சம் இருந்தது.
காசிமேட்டில் ஏற்றிய ஆம்புலன்ஸ்
ராயபுரம் பாலத்தில் திணறி ஏறும்போது
உன் விரலில் செதில் மினுங்கியது.

பெரியாஸ்பத்திரியில்
பாதித் தலையை மழித்து, துளை போட்டு
ஒரு குழாய் விட்டார்கள்.
மறுமுனையில் அளவுக் குப்பி. அதற்குக் கீழே பை.
நர்ஸ் ஜெபக்கனி குப்பியின் சைபரை
உன் காதுத் துவாரத்துக்கு நேராய்க் கொண்டுவந்து நிறுத்தினாள்.
தாழ்ந்தால் மொத்தமும் வடிந்துவிடும்,
உயர்ந்தால் உள்ளேயே தேங்கும் என்றாள்.
இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
டியூப்பில் தண்ணீர் நிரப்பி
இந்தச் சுவரில் ஒரு முனை அந்தச் சுவரில் ஒரு முனை வைத்து
மட்டம் பிடிக்கிற கை இது.
தண்ணி பொய் சொல்லாது.
நடுவில் குமிழி இருந்தால் சொல்லும்.

முதல் நாள் பையில்
செங்கல் பொடி கரைத்த நிறம்.
மூன்றாம் நாள் சொட்டு நின்றது.
கட்டி அடைத்துக்கொண்டதாம்.
கரைக்கிற மருந்தைக் குழாய் வழியே விடலாம்.
கரையலாம், புதிதாய்க் கசியவும் செய்யலாம்.
உயிர் தங்கினாலும்
பழைய ஆளாய் எழுந்திருப்பாள் என்று
எழுதித் தர முடியாது என்றார்.
பிழைக்கிறது வேறே, தேறுகிறது வேறே.
என்னிடம்தான் கையெழுத்து கேட்டார்கள்.
போட்டேன்.

உள்ளே விடுகிற பத்து நிமிஷத்தில் ஒருநாள்
சளி எடுக்கக் கட்டிலின் தலைமாட்டைத் தூக்கியிருந்தார்கள்.
குப்பி பழைய இடத்திலேயே.
சொட்டு ஓட்டமாய் ஓடியது.
"சிஸ்டர், மட்டம் போச்சு!"
ஓடிவந்து மூடினாள். திட்டவில்லை.
மறுநாளிலிருந்து
வாங்க மேஸ்திரி என்பாள்.

டீ கிளாஸ் கழுவிய தண்ணி. அப்புறம் மஞ்சள்.
நடுவில் ஒரு காய்ச்சல், நாலு நாள்,
அதைப் பற்றி எழுத மாட்டேன்.
குழாயை மூடிப் பார்த்தார்கள்.
மூடினால் தூங்கிப்போனாய், திறந்தால் விழித்தாய்.
மூன்று தடவை.
"நிரந்தரமா ஒண்ணு வைக்கணும்."

இப்போது அது காதுக்குப் பின்னால் இறங்கி
கழுத்து, நெஞ்சு, தோலுக்கடியிலேயே போய்
வயிற்றில் திறக்கிறது.
கன்சீல்டு பைப். பூசி மறைத்தாயிற்று.
எண்ணெய் வைக்கும்போது விரலில் தட்டுப்படும்.
அங்கே மட்டும் மெதுவாய்ப் போவேன்.

ஐந்து மாதம்.
வலது கால் இழுக்கிறது.
பெரியவன் கல்யாண ஆல்பத்தைக் காட்டினால்
யாரு வூட்டுக் கல்யாணம், பிரியாணி போட்டாங்களா என்கிறாய்.
சிலருக்கு ஒரு வருஷம் வரைக்கும் திரும்பும்
என்கிறாள் பிசியோ பெண்.
'சிலருக்கு' வரும்போது மட்டும் குரல் வேகமாகிறது.

நேற்று சமையற்கட்டில் சேர் போட்டு உட்காரவைத்தேன்.
வெகுநேரம் சுவரையே பார்த்தாய்.
"மூணாவது வரிசை," என்றாய்,
"சிங்க்குக்கு மேல. கோணல்.
ஊருக்கெல்லாம் நேரா போட்டுட்டு
என் வூட்டுக்கு மட்டும் இப்படி."

பரணிலிருந்து டியூப்பை எடுத்து
தண்ணீர் விட்டு, குமிழியைத் தட்டி வெளியேற்றி
வைத்துப் பார்த்தேன்.
கால் இன்ச்.

சாயங்காலம் மறுபடி சொன்னாய்,
இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல.
நாளைக்கு மாத்திடறேன் என்றேன்,
பதினாறு வருஷமாய்ச் சொல்கிற அதே குரலில்.